ஓரறிவுயிரும் உப்புநீரும்

ஓர் உயிரைப் பேணுதல் என்பது அது தன் இயல்பின்படி வாழத் துணைநிற்பதா, அல்லது பேணுபவரின் விருப்பத்திற்கேற்ப அதை நிறுத்தி வைப்பதா என்ற வினா, ஆட்டையும் மாட்டையும் முன்னிட்டுக் கேட்கப்படும்போது எல்லோருக்கும் விளங்குகிறது. புல்லை முன்னிட்டுக் கேட்கப்படும்போது விளையாட்டாகத் தோன்றுகிறது. ஆயினும் வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் தோல் தொழில் வட்டாரத்தில் அது விளையாட்டு வினாவாக நின்றுவிடுவதில்லை. புல்லுக்கும் ஒரு புலனுண்டு, ஆகவே அதற்கும் தீங்கு நேரும் என்று கற்பித்த சமணம் அங்குள்ள மலைக்குகைகளில் தங்கியிருந்தது. புல்லைச் செதுக்குவதையே இறைத்தொண்டாகக் கொண்ட சைவம் அங்கே கோட்டைக்குள் கோயில் கொண்டிருக்கிறது. புல்லும் நீரும் எவருக்கும் தனியுடைமையாகா என்று உரைக்கும் இஸ்லாமிய மரபு அங்கே தோல் வணிகர்களின் ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. இம்மூன்றும் ஓர் ஆற்றின் கரையில் அமைந்திருப்பதாலும், அந்த ஆற்றைக் கெடுத்தவர்கள் ஊருக்கு என்ன கடன்பட்டவர்கள் என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்புரைக்க நேர்ந்ததாலும், அலங்காரப் புல்தரையின் அறத்தை ஆராய்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அரிது.

முதலில் செடியை அறிந்துகொள்ள வேண்டும். கோல்ஃப் மைதானங்களிலும் விளையாட்டரங்குகளிலும் பெர்முடா என்ற பெயரில் வளர்க்கப்படுவது, பிள்ளையாருக்கு மாலையாகச் சாத்தப்படும் அறுகம்புல்லே ஆகும். தாவரவியலார் இரண்டையும் சைனோடான் டாக்டிலான் என்ற ஒரே இனமாகவே கொள்கின்றனர். உழவர் அதைக் களையென்று சபிக்கிறார், சித்த மருத்துவர் மூலிகையென்று சேர்த்து வைக்கிறார், பெரியவர்கள் அதைப் போல வேரோட வேண்டும் என்று மணமக்களை வாழ்த்துகிறார்கள், கோல்ஃப் கழகமோ அதற்கென்று ஆள் வைத்து, இயந்திரம் வாங்கி, ஆண்டு முழுவதும் செலவிடுகிறது. கழகங்கள் விரும்பும் வகைகள் பெரும்பாலும் கலப்பினங்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள டிஃப்டன் ஆய்வு நிலையம் 1960-ல் வெளியிட்ட டிஃப்வே, 1965-ல் வெளியிட்ட டிஃப்டுவார்ஃப் போன்றவை, அறுகையும் அதன் ஆப்பிரிக்க உறவுப்புல் ஒன்றையும் கலந்த வழியில் வந்தவை. நிறப்புரிகள் மூன்று தொகுதியாக அமைந்துவிட்டமையால் இவை முளைக்கக்கூடிய விதையைத் தருவதில்லை. தண்டைத் துண்டு துண்டாக்கி நட்டே பெருக்க வேண்டியிருக்கிறது. பூத்து விதைத்துப் பரவுவதை உயிரின் இயல்பென்று கொள்வோருக்கு, அந்த இயல்பை இழந்தமையாலேயே விலை பெற்ற ஒரு செடி சற்றுச் சங்கடமான பொருள்தான்.

வெட்டுதலைப் பொறுத்தவரை சங்கடம் அவ்வளவாக இல்லை. மரக்கிளையின் வளர்ச்சி அதன் நுனியில் நிகழ்கிறது. புல்லின் இலை வளர்வதோ அடிப்பகுதியிலிருந்து. மேயும் விலங்குகளோடு நெடுங்காலம் வாழ்ந்து தகவமைந்த செடியாதலால், அறுகு தன் வளர்திசுவைப் பற்கள் எட்டாத ஆழத்தில் வைத்திருக்கிறது. அதற்கும் கீழே, மண்ணுக்குள் ஓடும் தண்டுகளில் மாவுப்பொருளைச் சேமித்துக்கொள்கிறது. இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக் கூடாது என்பது புல்தரை பராமரிப்பின் அடிப்படை விதி. அதற்கு மேற்பட்டால் செடி வேரின் சேமிப்பைத் தின்று இலையைப் புதுப்பிக்க நேர்கிறது. வீட்டுப் புல்தரையில் 25 முதல் 40 மி.மீ. வரையும், ஃபேர்வே எனப்படும் ஆட்டப் பாதையில் 12 முதல் 15 மி.மீ. வரையும் புல்லின் உயரம் நிற்கலாம். குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற தளத்தில் மட்டும் 3 அல்லது 4 மி.மீ. உயரமே அனுமதிக்கப்படுகிறது. அந்த உயரத்தில் வேர் ஆழம் குறைந்துவிடுவதால், கிரீன் என்பது நாள்தோறும் ஆள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நோயாளியின் நிலையிலேயே எப்போதும் இருக்கிறது.

ஆம்பூரை அடுத்த மலையாம்பட்டுக்கு அருகில் உள்ள ஆர்மாமலைக் குகையில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சமண ஓவியங்களின் எச்சங்கள் காணப்படுகின்றன. காட்பாடிக்கு வடக்கே வள்ளிமலையில் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்களும் கங்க மன்னன் இராசமல்லனைக் குறிக்கும் கல்வெட்டும் உள்ளன. இவ்விடங்களில் தங்கிய துறவியர் பின்பற்றிய கொள்கையின்படி, உயிர்கள் அவற்றின் புலன்களின் எண்ணிக்கையால் வகைப்படுகின்றன; தொடுவுணர்வு ஒன்றே உடையவை ஓரறிவுயிர்கள். தொல்காப்பிய மரபியலும் புல்லையும் மரத்தையும் ஓரறிவுடையவை என்றே வகுக்கிறது. ஆனால் சமணம் அதற்கு மேலும் சென்று, நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றையும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டென்று கருதுகிறது. துறவி பசும்புல்லை மிதிக்காமல் நடக்க முயல்வதும் நீரை வடிகட்டிப் பயன்படுத்துவதும் இக்கொள்கையிலிருந்து பிறந்தவை.

இல்லறத்தார் இவ்வளவும் காக்க இயலாது என்பதை அச்சமயம் நன்கு அறிந்திருந்தது. ஆகவே அவர்களுக்கு வேறோர் அளவுகோலை வைத்தது. அனர்த்த தண்டம் என்று அது அழைக்கப்படுகிறது. பயன் ஏதுமின்றி இழைக்கப்படும் தீங்கு என்பது இதன் பொருள். அதனின்று விலகியிருப்பது இல்லறத்தாரின் விரதங்களுள் ஒன்று. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகம் இதை விரித்துரைக்கிறது, அதன் வழியில் தமிழில் அமைந்த நூல் அருங்கலச்செப்பு. வீணே நிலத்தை அகழ்வது, வீணே நீரைச் சிந்துவது, வீணே தீ மூட்டுவது, வீணே செடிகொடியை அறுப்பது ஆகியவை இவ்விரதம் விலக்கும் செயல்களுள் அடங்கும். இந்தக் காலத்துப் புல்தரையின் வேலைப் பட்டியலும் ஏறக்குறைய இதேதான் என்பது, பெட்ரோலில் ஓடும் புல்வெட்டும் இயந்திரத்தைத் தீ மூட்டுவதன் கணக்கில் சேர்த்துக்கொண்டால், யாருக்கும் தோன்றக்கூடிய வேடிக்கை. ஆனால் இவ்விரதத்தின் அழுத்தம் முழுவதும் ‘வீணே’ என்பதன் மேல் விழுகிறது. பயன் உண்டா, இருந்தால் எவ்வளவு என்று தீர்மானிக்காமல் புல்தரையைக் குற்றவாளியாக்க முடியாது.

இங்குத் திருநாவுக்கரசரின் வரலாறு குறுக்கிடுகிறது. ஏழாம் நூற்றாண்டில் தருமசேனர் என்ற பெயருடன் சமணத்தில் இருந்து, பின்னர் சைவத்திற்குத் திரும்பிய அவர், கையில் உழவாரம் ஏந்திய கோலத்திலேயே தமிழகத்துக் கோயில்களில் சிலையாக நிற்கிறார். உழவாரம் என்பது புல்லையும் முள்ளையும் செதுக்கும் கருவி. கோயில் முற்றங்களில் முளைத்த புல்லை அதனால் நீக்கி, அடியார் நடக்கும் வழியைத் தூய்மையாக்குவது அவர் மேற்கொண்ட தொண்டு. சைவ சித்தாந்தம் இறைவனை அடையும் நெறிகளை நான்காகப் பகுத்து, உடலால் செய்யும் இத்தகைய பணியைச் சரியை என்ற முதற்படியில் வைக்கிறது. புல்லுயிரைக் காக்கும் சமயத்தைத் துறந்தவர் புல்வெட்டும் கருவியைத் தம் அடையாளமாக்கிக்கொண்டதில் ஒரு திட்டமிட்ட மறுப்பு இருந்தது என்று வலிந்து சொல்ல வேண்டியதில்லை. எனினும் இரண்டு நிலைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: துறவிக்குப் புல் என்ன ஆகிறது என்பதே கேள்வி, தொண்டருக்கு அந்த முற்றத்தில் வெறுங்காலுடன் நடப்பவர் என்ன ஆகிறார் என்பதே கேள்வி. தொண்டரும் புல்லைப் பகையாகக் கருதவில்லை. முற்றத்தில் செதுக்கப்படும் அறுகே சன்னிதியில் அருச்சனைக்கு உரியதாகிறது.

சைவக் கோயிலுக்கு நந்தவனம் உண்டு, தீர்த்தக் குளம் உண்டு. புல்தரை என்ற ஒன்று அதன் இலக்கணத்தில் இல்லை. பழைய கட்டடங்களைச் சுற்றிச் சீராக வெட்டிய பசும்புல்லை விரிக்கும் வழக்கம் ஆங்கிலேயர் ஆட்சியில் வந்தது. 1899 முதல் 1905 வரை வைசிராயாக இருந்த கர்சன் பிரபு தாஜ்மகால் தோட்டத்தை அவ்வாறு திருத்தியமைத்தது பலருக்கும் முன்மாதிரியாயிற்று. கோயிலும் மசூதியும் தேவாலயமும் ஒரே மதிலுக்குள் இருக்கும் வேலூர்க் கோட்டை, 133 ஏக்கர் பரப்புடன் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதனுள் உள்ள சலகண்டேசுவரர் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லாமலிருந்து, 1981-ல்தான் சத்துவாச்சாரியிலிருந்து இலிங்கம் மீண்டும் கொண்டுவந்து நிறுவப்பட்டது. வழிபாட்டிடம் ஒன்றைக் காட்சிப்பொருளாகப் பார்க்கும் கண்ணுக்கே புல்தரை முதலில் தேவைப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது. அந்தக் கண் பின்னர் வழிபடுவோருக்கும் பழகிவிட்டது என்பதற்கு, வேலூரை அடுத்த திருமலைக்கோடியில் 2007-ல் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீபுரம் பொற்கோயிலே சான்று; அங்கே விண்மீன் வடிவில் அமைந்த நெடும்பாதையில், பேணி வளர்த்த பசுமையின் நடுவே நடந்தே பக்தர்கள் சன்னிதியை அடைகிறார்கள்.

பயன் என்ற அளவுகோலைப் புல்தரையின்மேல் வைப்பதற்குப் பருவங்களைக் கணக்கில் கொள்ள வேண்டும். வேலூர் வட்டாரம் கடற்கரையைப் போல வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பியிருப்பதன்று. தென்மேற்குப் பருவமும் அங்கே கணிசமாகப் பொழிகிறது. ஆகவே ஆனியில் தொடங்கி ஆவணி வரை அறுகு தானாகவே தழைத்துப் பரவுகிறது. இறுகிய மண்ணில் துளையிட்டுக் காற்றோட்டம் தருவது, ஆற்று மணலை மெல்லிய படலமாகத் தூவி மேடுபள்ளம் நிரவுவது, காய்ந்த தாள் மெத்தையாகப் படிந்திருந்தால் சீவி எடுப்பது, வெற்றிடங்களில் தண்டு நடுவது எல்லாம் அப்போதே செய்யப்பட வேண்டும். புண்படுத்தும் வேலைகள் செடி விரைந்து ஆறும் காலத்தில் அமைகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் புயல்மழை வரும்போது தேங்கும் நீரை வடிப்பதும், தழைச்சத்து உரத்தைக் குறைப்பதும் முதன்மையாகின்றன. கொழுத்த இளந்தழையில் பூஞ்சை நோய் எளிதில் பற்றும். மார்கழியிலும் தையிலும் வளர்ச்சி மந்தமாகிறது, எனினும் வட இந்தியாவில் அறுகு பழுத்துப்போகும் குளிரில் அதன்மேல் ரை என்ற குளிர்காலப் புல்லை விதைப்பதுபோல இங்குச் செய்ய வேண்டிய தேவை எழுவதில்லை. காலைப் பனியைத் துடைப்பத்தாலோ கயிற்றாலோ தட்டிவிட்டால் போதும்.

இவ்வளவு தூரம் பராமரிப்பு செடியின் போக்கோடு இசைந்தே செல்கிறது. சித்திரையும் வைகாசியும் வரும்போதுதான் இரண்டும் பிரிகின்றன. வெயில் 40 பாகையைக் கடக்கும் கத்திரி நாட்களில் அறுகுக்கென்று ஒரு வழி உண்டு: இலையைக் காயவிட்டு, உயிரை மண்ணுக்கடியில் உள்ள தண்டுக்குள் இழுத்துக்கொண்டு, மழை வரும்வரை உறங்குகிறது. பழுப்பாகிவிட்ட தரை செத்த தரை என்று எண்ணுவது பார்ப்பவரின் அறியாமை. சில வாரங்களுக்கு ஒருமுறை கணுக்கள் நனையும் அளவு நீர் கிடைத்தாலே போதும், முதல் கோடைமழைக்குப் பின் அது துளிர்க்கும். கத்திரியிலும் தரை பச்சையாக இருக்க வேண்டும் என்ற கோரிக்கை புல்லிடமிருந்து வருவதன்று.

அந்தக் கோரிக்கையின் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கோடையில் அறுகைப் பசுமையாக நிறுத்த நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 மி.மீ. நீர் வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்பது 1 லிட்டர், ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆக ஏக்கருக்கு நாள்தோறும் 16,000 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் ஊரகத்தில் ஆளொன்றுக்கு வரையறுத்திருக்கும் 55 லிட்டரால் வகுத்தால், இது சுமார் 290 பேரின் ஒரு நாள் நீர். பதினெட்டுக் குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானம் பொதுவாக 100 ஏக்கருக்கு மேற்பட்டது. அதில் 50 ஏக்கருக்கு மட்டும் பாய்ச்சினாலும் 14,000 பேருக்கு மேற்பட்டோரின் பங்கு புல்லுக்குப் போகிறது.

பாலாற்றுப் படுகையில் இந்தக் கணக்கோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. பச்சைத் தோல் அழுகாதிருக்க அதில் அடைக்கப்படும் உப்பு, ஆலையில் தோலைக் கழுவும்போது கழிவுநீரோடு வெளியேறுகிறது. பதனிடும் வேதிப்பொருள்களும் அதனுடன் கலக்கின்றன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற்போனதைச் சுட்டிக்காட்டியது. தீங்கு உறுதிப்படும் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கை நெறியையும், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற நெறியையும் நாட்டின் சட்டத்தில் நிலைநிறுத்தியது. இழப்பீடும் சீரமைப்பும் முடிவடையாமையால் 2025 ஜனவரியில் அந்நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டி வந்தது.

இத்தகைய நிலத்திலும் அறுகு வாழும் என்பதே இங்குள்ள முரண். மண்ணின் உப்பை அதன் மின்கடத்துதிறனால் அளப்பார்கள். மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ் அளவைத் தாண்டினால் நெல்லின் விளைச்சல் சரியத் தொடங்குகிறது, அறுகோ 6.9 வரை குறைவின்றி வளர்கிறது. கடலோர பாஸ்பாலம் என்ற மற்றொரு மைதானப் புல் அதையும் மிஞ்சும். ஆகவே நெல் விளையாத மண்ணில் அழகிய புல்தரையை எழுப்பிவிட முடியும், எழுப்பியபின் அந்த மண்ணுக்கு ஒரு கேடும் நேராததுபோலவும் தோன்றும். உப்புநீரைப் பாய்ச்சுவோர் வேர்ப்பகுதியில் உப்பு சேராதிருக்கத் தேவைக்கு மேலும் நீர்விட்டு அதைக் கீழே இறக்குவார்கள். சோடியம் மிகுந்த மண்ணில் ஜிப்சம் இட்டுக் கழுவுவார்கள். புல்லுக்கு இது நல்ல மருத்துவம்தான். ஆனால் கீழிறங்கிய உப்பு நிலத்தடி நீரில் கலந்து பக்கத்துக் கிணற்றை அடையக்கூடும். அவ்வாறு அடைந்தால், தோல் ஆலைகளின்மேல் சுமத்தப்பட்ட குற்றத்தின் சிறு வடிவம் அது.

நீரையும் புல்லையும் ஒன்றாக வைத்துப் பேசும் மரபு இஸ்லாத்தில் தெளிவாக இருக்கிறது. நபிகளின் வாக்காக அபூதாவூத் தொகுப்பில் பதிவானபடி, நீர், மேய்ச்சற்புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் கூட்டாளிகள். மேய்ச்சற்புல் வளராமல் தடுக்கும் நோக்கத்துடன் மிகுதி நீரை மறிப்பதும் விலக்கப்பட்டிருக்கிறது. இதனோடு ஹிமா என்ற கருத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹிமா என்றால் வேலியிட்டு ஒதுக்கப்பட்ட மேய்ச்சல் நிலம். இஸ்லாத்துக்கு முந்திய அரபுத் தலைவர்கள் தம் கால்நடைகளுக்காக அதை ஒதுக்கிக்கொண்டனர், நபிகள் அந்த உரிமையைத் தனியாரிடமிருந்து நீக்கிப் பொதுநலனுக்கு மட்டும் உரியதாக்கினார். கலீஃபா உமர் தம் காலத்தில் ஹிமாவின் காவலரிடம், சில ஆடுகளும் ஒட்டகங்களும் மட்டுமே வைத்திருக்கும் ஏழைகளை உள்ளே விடும்படியும், பெருஞ்செல்வரின் மந்தைகளைத் தவிர்க்கும்படியும் பணித்ததாகப் புகாரியின் தொகுப்பு கூறுகிறது. தோல் வணிகர் காக்கா முகமது உமர் 1924-ல் ஆம்பூருக்கு அருகில் ஜாமியா தாருஸ்ஸலாம் என்ற சமயக் கல்லூரியை நிறுவினார். அவ்வூர் இன்று உமராபாத் என்றே வழங்குகிறது. ஹதீஸ் பாடம் நடக்கும் ஊரும் தோல் தொழில் நடக்கும் ஊரும் இங்கே அடுத்தடுத்து இருப்பதால், நபிமொழிகளின் இந்தப் பகுதி பாலைவனத்துப் பழங்கதையாக ஒதுக்கப்படக்கூடியதன்று. செல்வருக்கு மூடி ஏழைக்குத் திறக்கும் வேலியாக ஹிமா அமைந்தது. கழகத்துப் புல்தரையின் வேலி பெரும்பாலும் எதிர்த்திசையில் திறக்கிறது. வெட்டிய புல்லையாவது ஊர் மாடுகளுக்குத் தரலாமே என்றால், களைக்கொல்லியும் பூஞ்சைக்கொல்லியும் தெளித்த தரையின் புல் தீவனத்திற்கு ஆகாது.

இவற்றுக்கு எதிராக ஒரு நியாயம் சொல்லப்படுவதுண்டு. புல்தரை புழுதியை அடக்குகிறது, மண்ணரிப்பைத் தடுக்கிறது, சுற்றுப்புறத்தைக் குளிர்விக்கிறது, பலருக்கு அன்றாடக் கூலி தருகிறது. விளையாட்டும் அழகும் மனிதருக்கு வேண்டியவையே. இந்த நியாயத்தை ஏற்றுக்கொள்ளலாம், ஏற்றுக்கொண்டால்தான் அனர்த்த தண்டம் என்ற அளவுகோல் சரியாக வேலை செய்யும். உறங்கும் அறுகும் வேரால் மண்ணைப் பிடித்திருக்கிறது, புழுதியையும் ஓரளவு அடக்குகிறது; கத்திரியிலும் பணியாளருக்கு வடிகால் தூர்வாரவும் இயந்திரம் செப்பனிடவும் வேலை இருக்கிறது. குளிர்ச்சி மட்டுமே உண்மையாகக் குறைகிறது. அதை மரநிழல் குறைந்த நீரில் தரும். மற்றபடி கோடைப் பாசனம் கூடுதலாகத் தருவது நிறம் ஒன்றே.

விளையாட்டுக்கும் நிறம் கட்டாயமில்லை என்பதற்கு இதே ஆற்றின் மேற்பகுதியில் சான்று கிடைக்கிறது. பாலாறு தமிழகத்திற்குள் நுழையும் முன் கோலார் மாவட்டத்தில் பேத்தமங்கலம் ஏரியை நிரப்புகிறது. அங்கிருந்து நீர் பெற்ற கோலார் தங்கவயலில், ஆங்கிலேயச் சுரங்க அதிகாரிகள் கோல்ஃப் ஆடிய தளங்கள் கிரீன்கள் அல்ல, பிரவுன்கள். பிரவுன் என்பது புல்லுக்குப் பதிலாக மணலைப் பரப்பி நிரவிய தளம். இந்தியாவின் வறண்ட பகுதிகளில் பழைய மைதானங்கள் பலவும் அவ்வாறே அமைந்திருந்தன. ஆட்டக்காரர் தம் முறை வந்ததும் மணலை இழுத்துச் சமன்செய்துகொண்டு பந்தைக் குழிக்குள் தள்ளுவார். இன்றைய ஆட்டக்காரர் மணலுக்குத் திரும்ப மாட்டார் என்பது உண்மையே. அவ்வாறு கேட்கவும் வேண்டியதில்லை. பதினெட்டுக் கிரீன்களையும் சேர்த்தால் பரப்பு இரண்டரை ஏக்கர் அளவே வருகிறது, 3 மி.மீ. உயரத்தில் வாழும் அந்தப் புல் நீரின்றி உறங்கவும் இயலாதது. நாளொன்றுக்கு 40,000 லிட்டர் அதற்குப் பாய்ச்சுவதைப் பயனுடைய செலவு என்று இல்லறத்தாரின் விரதம் பொறுத்துக்கொள்ளும். ஃபேர்வேக்களுக்கும் வாயில்களுக்கும் ஆலை முகப்புகளுக்கும் அந்தச் சலுகை இல்லை. சித்திரை பிறந்தது முதல் ஆனி மழை வரை அவை பழுப்பாகவே கிடக்கலாம்.